சத்தம் நின்றுபோகாத கம்ப்யூட்டர்: ஸ்கிரீன் ரீடரின் நாற்பது ஆண்டுக் கதை



நமக்கு வர்ற மெயில்களில் ஒரு கேள்வி மட்டும் திரும்பத் திரும்ப வந்துகிட்டே இருக்கு. "அண்ணா, கண் தெரியாதவங்க நம்பி வாங்குற மாதிரி எந்த லேப்டாப் நல்லது?" சில பேர் தங்களுக்காகக் கேட்கிறாங்க. சில பேர் காலேஜ் சேரப்போற தம்பிக்காகவோ தங்கச்சிக்காகவோ கேட்கிறாங்க. ஒரு மாடல் பேரைச் சொல்லி ரெண்டு வரியில் முடிச்சிடலாம். ஆனா ஆறு மாசம் கழிச்சு அந்த மாடல் கடையில் இருக்காது. அதனால இன்னைக்கு இந்தக் கேள்விக்குப் பின்னாடி இருக்கிற வரலாற்றைச் சொல்லப்போறேன். அது தெரிஞ்சா, கடைக்காரர் எந்த மாடலை எடுத்து நீட்டினாலும் எதைச் சோதிக்கணும்னு உங்களுக்கே புரிஞ்சிடும்.

புதுசா கேட்கிறவங்களுக்காக ஒரு சின்ன விளக்கம். எனக்குப் பார்வை கிடையாது. நான் கம்ப்யூட்டரை ஸ்கிரீன் ரீடர் மூலமாகத்தான் பயன்படுத்துறேன். திரையில் இருப்பதைக் குரலாக மாற்றிச் சொல்லும் மென்பொருள் அது. எனக்கு மவுஸ் தேவையில்லை. கீபோர்டு வழியா நான் சொல்வது உள்ளே போகும், ஸ்பீக்கர் வழியா பதில் வெளியே வரும்.

உங்க லேப்டாப்பில் ஸ்பீக்கர் போச்சுன்னா பாட்டு கேட்க முடியாது, அவ்வளவுதான். எனக்கோ ஸ்பீக்கர்தான் மானிட்டர். சத்தம் நின்னுடுச்சுன்னா கம்ப்யூட்டர் உறைஞ்சு போச்சா, அப்டேட் ஓடுதா, சார்ஜ் தீர்ந்துச்சா, இல்ல வால்யூம் மட்டும் குறைஞ்சுடுச்சா, எதுவுமே தெரியாது. நாலும் ஒரே நிசப்தம்தான். ஆன்லைன் தேர்வு நடுவில், வேலைக்கான இன்டர்வியூ நடுவில் அந்த நிசப்தம் வந்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

அதனால எங்களைப் பொறுத்தவரை நம்பகமான கம்ப்யூட்டர் என்பதற்கு அர்த்தம் ரெண்டே ரெண்டு. ஒண்ணு, சத்தம் சும்மா சும்மா நிக்கக் கூடாது. ரெண்டு, நின்னா இன்னொருத்தரைக் கூப்பிடாமல் நானே அதைத் திரும்பக் கொண்டுவர வழி இருக்கணும். கடந்த நாற்பது ஆண்டுகளில் அந்தச் சத்தம் நிற்கிற இடம் மாறிக்கொண்டே வந்திருக்கு. இன்னைக்குக் கதை அதுதான்.

குரல் தனிப் பெட்டியில் இருந்த காலம்

1981இல் ஐபிஎம் நிறுவனம் தன் பெர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டது. அதன் திரையில் பெரும்பாலும் வெறும் எழுத்துகள்தான். ஒரு வரிக்கு 80 எழுத்து, மொத்தம் 25 வரி. அந்த 2,000 எழுத்துகளும் கம்ப்யூட்டரின் நினைவகத்தில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் வரிசையாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். அந்த இடத்தை எட்டிப் பார்க்கும் ஒரு சின்ன புரோகிராம் இருந்தால் போதும், திரையில் என்ன இருக்கிறது என்று துல்லியமாகத் தெரிந்துவிடும்.

ஐபிஎம் ஆய்வுப் பிரிவில் ஜிம் தாட்சர் என்ற கணித அறிஞர் இருந்தார். அவருடைய ஆசிரியரும் சக ஆய்வாளருமான ஜெஸ்ஸி ரைட் பார்வையற்றவர். இந்த இருவரும் சேர்ந்துதான் 1980களில் ஐபிஎம் கம்ப்யூட்டரைப் பேச வைத்தார்கள். அந்தத் தயாரிப்புக்கு ஐபிஎம் வைத்த பெயர் 'ஸ்கிரீன் ரீடர்'. இன்னைக்கு நாம் பொதுப்பெயராகச் சொல்ற வார்த்தை, அன்னைக்கு ஒரு குறிப்பிட்ட பொருளின் பெயர். அதோடு 18 பொத்தான்கள் கொண்ட தனி கீபேடும் வந்தது. "இந்த வரியைப் படி", "அடுத்த வார்த்தையைச் சொல்" என்ற கட்டளைகளுக்கெல்லாம் அதுதான். சாதாரண கீபோர்டில் வேலை செய்யும்போது எந்தக் குழப்பமும் வராது. இந்தக் கீபேடை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில் தேவைப்படும்.

குரல் எங்கிருந்து வந்தது? கம்ப்யூட்டருக்குள்ளிருந்து வரவில்லை. வெளியே வயர் போட்டு இணைத்த தனிப் பெட்டியிலிருந்து வந்தது. அவற்றில் புகழ்பெற்றது 1984இல் வந்த டெக்டாக். எம்ஐடி ஆய்வாளர் டென்னிஸ் கிளாட்டின் உழைப்பு அது. அதன் முக்கியமான ஆண் குரலை கிளாட் தன் சொந்தக் குரலை வைத்துத்தான் உருவாக்கினார். ஸ்டீபன் ஹாக்கிங்கின் அந்த இயந்திரக் குரல் ஞாபகம் இருக்கா? அதுவும் கிளாட்டின் ஆய்விலிருந்து பிறந்ததுதான். பெட்டியின் விலை சுமார் 4,000 டாலர்.

விலை பயங்கரம்தான். ஆனா நம்பகத்துக்கு அந்த அமைப்பு நல்ல அமைப்பு. பேசுற பெட்டிக்குச் சொந்த மின் இணைப்பு, சொந்த ஸ்பீக்கர். கம்ப்யூட்டரில் வேறு எந்த புரோகிராமும் அந்தக் குரலைப் பிடுங்கிக்கொள்ள முடியாது. அன்றைக்குக் கம்ப்யூட்டர் தேர்ந்தெடுக்கும் பார்வையற்றவர் கேட்க வேண்டியவை ரெண்டே கேள்விகள். இது ஐபிஎம் மாதிரியே நடந்துகொள்ளுமா? பெட்டியைச் சொருக ஒரு போர்ட் காலியா இருக்கா?

அதே காலகட்டத்தில் அமெரிக்காவில் டெட் ஹென்டர் என்றொருவர் இருந்தார். மோட்டார் சைக்கிள் பந்தய வீரர். 1978இல் இங்கிலாந்தில் நடந்த கார் விபத்தில் பார்வை இழந்தார். அதன் பிறகு புரோகிராமிங் படித்து, 1987இல் பில் ஜாய்ஸ் என்பவருடன் சேர்ந்து நிறுவனம் தொடங்கினார். 1989இல் அவர்கள் வெளியிட்டதுதான் ஜாஸ். 'பேச்சு வழியாக வேலை வாய்ப்பு' என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொற்களின் சுருக்கம் அது. பேரிலேயே வேலை இருக்கு பாருங்க. கம்ப்யூட்டர் பேசினால் அலுவலக வேலை கிடைக்கும், பேசாவிட்டால் கிடைக்காது. அவ்வளவு நேரடியான கணக்கு.

திரை படமாக மாறியபோது

எல்லாம் நல்லா போய்க்கொண்டிருந்தபோது திரையே மாறிவிட்டது. 1984இல் மெக்கின்டாஷ், 1990இல் விண்டோஸ் 3.0. ஐகான், மெனு, ஜன்னல், மவுஸ். பார்க்கிறவர்களுக்குக் கம்ப்யூட்டர் எளிதானது. எங்களுக்கோ கதவு சாத்தியது போல ஆனது.

ஏன்? முன்பு நினைவகத்தில் எழுத்து, எழுத்தாகவே இருந்தது. இப்போது 'அ' என்ற எழுத்து கூட சில புள்ளிகளின் கோலம்தான். எட்டிப் பார்க்கிற புரோகிராமுக்குப் புள்ளி மட்டும்தான் தெரியும், அந்தக் கோலம் என்ன எழுத்து என்று தெரியாது. 1990இல் பார்வையின்மை பற்றிய ஓர் ஆய்விதழில் வந்த கட்டுரை, இந்தப் புதிய திரை முறையை நெருக்கடி, ஆபத்து, வாய்ப்பு என்ற மூன்று சொற்களால் தலைப்பிலேயே குறிப்பிட்டது. எழுதியவர்களில் ஒருவரான வெஸ் பாய்ட் நடத்திய பெர்க்லி சிஸ்டம்ஸ் நிறுவனம்தான், அதற்கு முந்தைய ஆண்டு மெக்கின்டாஷுக்கு 'அவுட்ஸ்போக்கன்' என்ற ஸ்கிரீன் ரீடரை வெளியிட்டிருந்தது. படத் திரையையும் பேச வைக்க முடியும் என்று முதலில் நிரூபித்தது அது.

வழி என்ன தெரியுமா? திரையில் வரைந்து முடித்த பிறகு பார்த்தால் புள்ளிதான் கிடைக்கும். அதனால், "இந்த இடத்தில் இந்த வார்த்தையை வரை" என்ற கட்டளை திரைக்குப் போகும் வழியிலேயே ஒட்டுக்கேட்க வேண்டும். ஒட்டுக்கேட்டதை வைத்துத் திரைக்கு ஒரு மறைமுக நகலை ஸ்கிரீன் ரீடர் தன்னிடமே வைத்துக்கொள்ளும். 1995 ஜனவரியில் வந்த விண்டோஸுக்கான ஜாஸ், பிறகு வந்த பல ஸ்கிரீன் ரீடர்கள், எல்லாமே இந்த முறையை நம்பித்தான் இருந்தன.

ஆனா ஒட்டுக்கேட்கிற இடம் எது? கிராபிக்ஸ் கார்டின் டிரைவர் பக்கத்தில். இங்கேதான் சத்தம் நிற்கிற இடம் மாறியது. படமே பார்க்காத எங்களுக்கு, கம்ப்யூட்டர் வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி "எந்த கிராபிக்ஸ் கார்டு?" என்று ஆனது! கார்டின் டிரைவரும் ஸ்கிரீன் ரீடரும் ஒத்துப்போகவில்லை என்றால் பாதித் திரை மட்டும் பேசும், அல்லது மொத்தமாக மௌனம். ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு ஸ்கிரீன் ரீடர்கள் வைத்தால் இரண்டும் ஒரே இடத்தில் ஒட்டுக்கேட்கப் போய் மோதிக்கொள்ளும்.

கூடவே இன்னொரு மாற்றம். தனிப் பெட்டிக் குரல் மெல்ல மறைந்து, மென்பொருள் குரல் வந்தது. விலை மிச்சம், மேஜையில் இடமும் மிச்சம். ஆனால் குரல் இப்போது சவுண்ட் கார்டு வழியாக வர வேண்டும். அந்தக் காலத்துச் சவுண்ட் கார்டுகள் பலவற்றில் ஒரு நேரத்தில் ஒரு சத்தம்தான். வேறு ஏதாவது ஒலித்தால் ஸ்கிரீன் ரீடர் வாயடைத்து நிற்கும். தனிப் பெட்டி கொடுத்த பாதுகாப்பு போய்விட்டது.

வாங்க மாட்டோம் என்று சொன்னபோது

இதை யார் சரி செய்வது? ஒட்டுக்கேட்பதை நிறுத்திவிட்டு, விண்டோஸே நேரடியாக "இது ஒரு பொத்தான், இதன் பெயர் இது" என்று சொல்லிவிட்டால் பிரச்சினையே இல்லை. அதைச் செய்ய வேண்டியது மைக்ரோசாஃப்ட்.

1995இல் விண்டோஸ் 95 வரப்போகிறது என்ற பரபரப்பின் நடுவில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பார்வையற்றோருக்கான அரசு ஆணையம் குரல் எழுப்பியது. பார்வையற்ற ஊழியர்கள் பயன்படுத்த முடியாத மென்பொருளை மாநில அரசு வாங்காது என்ற எச்சரிக்கை போனது. ஒரு மாநில அரசின் கொள்முதல் என்றால் சும்மாவா? மைக்ரோசாஃப்ட் இறங்கி வந்தது. 1997இல் 'ஆக்டிவ் ஆக்சஸிபிலிட்டி' என்ற வசதி வெளியானது. மென்பொருள் தன்னைப் பற்றித் தானே சொல்வதற்கான முதல் பொதுவான வழி அது.

அதே 1997இல் ஒரு வேடிக்கையும் நடந்தது. மைக்ரோசாஃப்டின் சொந்த ப்ரௌசரான இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 4, அந்த வசதி இல்லாமலேயே வெளியானது. பார்வையற்றோர் மத்தியில் பெரிய எதிர்ப்பு. 4.01இல் சரி செய்தார்கள். தானே வகுத்த விதியை ஒரு நிறுவனம் தானே மறக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. இன்றைக்கும் ஏதாவது ஓர் ஆப் அப்டேட் ஆனதும் பொத்தான்கள் எல்லாம் பெயரில்லாமல் "பட்டன், பட்டன், பட்டன்" என்று பேசும்போது எனக்கு இந்தக் கதைதான் ஞாபகம் வரும்.

நாற்பது நிமிஷக் குரல்

சரி, தொழில்நுட்பம் வந்தாச்சு. காசு? ஜாஸின் விலை ஆயிரம் டாலரைத் தொட்டது. நம்ம ஊரில் பல பேருக்கு அது கம்ப்யூட்டரின் விலையைவிட அதிகம். லைசென்ஸ் ஒரு கம்ப்யூட்டரோடு பிணைக்கப்பட்டிருக்கும். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் நாற்பது நிமிஷம் பேசும். அதற்குப் பிறகு கம்ப்யூட்டரை அணைத்துத் திரும்பப் போட வேண்டும். நாற்பது நிமிஷத்துக்கு ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பண்ணியே கம்ப்யூட்டர் கற்றுக்கொண்ட ஒரு தலைமுறை இருக்கு. உங்க மானிட்டர் நாற்பது நிமிஷத்துக்கு ஒரு தடவை அணைஞ்சா எப்படி இருக்கும்? ஆக, இப்போது சத்தம் நிற்கிற இடம் பணம்.

இதை இரண்டு பக்கமிருந்து உடைத்தார்கள். 2005இல் ஆப்பிள், மேக் கம்ப்யூட்டரின் டைகர் பதிப்பிலேயே வாய்ஸ்ஓவர் என்ற முழு ஸ்கிரீன் ரீடரைச் சேர்த்து அனுப்பியது. தனி விலை கிடையாது, புதுப் பெட்டியைப் பிரித்ததும் பேசும். விண்டோஸில் 2000ஆம் ஆண்டிலிருந்தே நேரேட்டர் இருந்தது. ஆனால் அப்போது அது அவசரத்துக்கு மட்டும்தான், அதை வைத்து ஒரு நாள் வேலையை ஓட்ட முடியாது.

அடுத்த ஆண்டு, 2006இல், ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் விண்டோஸுக்கு ஓர் இலவச ஸ்கிரீன் ரீடரை எழுதத் தொடங்கினார். அதன் பெயர் என்விடிஏ. அவருடைய நண்பர் ஜேம்ஸ் டெஹ், அவரும் பார்வையற்றவர், சேர்ந்துகொண்டார். இருவரும் லாபநோக்கற்ற அமைப்பாக இதை வளர்த்தார்கள். மூல நிரல் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. பார்க்கிறவர் கம்ப்யூட்டர் வாங்கும்போது திரைக்குத் தனியாகக் காசு கேட்பதில்லை, எங்களுக்கு மட்டும் ஏன் என்பதுதான் அடிப்படை வாதம். வெப்எய்ம் அமைப்பு ஸ்கிரீன் ரீடர் பயனாளர்களிடம் 2019இல் எடுத்த கருத்துக்கணிப்பில், என்விடிஏ நூலிழையில் ஜாஸை முந்தியது.

நமக்கு இதில் இன்னொரு லாபம். என்விடிஏவோடு வருகிற இ-ஸ்பீக் என்ற இலவசக் குரலுக்குத் தமிழ் தெரியும். உச்சரிப்பு கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கும், ஆனால் படிக்கும். பிறகு விண்டோஸிலேயே 'வள்ளுவர்' என்ற பெயரில் ஒரு தமிழ்க் குரல் வந்தது.

ஆனால் குரலுக்குத் தமிழ் தெரிந்தாலும் கோப்பில் தமிழ் இருக்க வேண்டுமே! பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பக்கம், பார்க்கிறவர்களுக்குத் தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்து. 'தமிழ்' என்ற சொல்லே எனக்கு "ஜே, கே, பி, ஓ, செமிகோலன்" என்று கேட்கும். 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டது. ஆனாலும் பழைய எழுத்துருவில் உள்ள பாடக்குறிப்புகளும் சுற்றறிக்கைகளும் இன்னும் கைக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கம்ப்யூட்டராலும் இதைச் சரி செய்ய முடியாது. தட்டச்சு செய்கிறவர்தான் செய்ய வேண்டும்.

இன்றைக்குச் சத்தம் எங்கே நிற்கிறது?

இப்போ கடைக்குப் போவோம்.

முதல் இடம், விண்டோஸ் எழுந்திருக்கும் முன். பயாஸ் திரையில் இன்றும் பெரும்பாலான லேப்டாப்கள் பேசாது. சேஃப் மோடிலும் விண்டோஸ் ஒலிச் சேவையைத் தொடங்காது. 2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கா? கிரவுட்ஸ்ட்ரைக் அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் முடங்கிய நாள். பார்க்கிறவர்களுக்கு நீலத் திரையாவது தெரிந்தது, அதில் என்ன பிழை என்று எழுதியும் இருந்தது. பார்வையற்ற ஊழியருக்குக் கிடைத்தது வெறும் நிசப்தம். மேக்கில் மீட்புத் திரையிலும் வாய்ஸ்ஓவரை இயக்கலாம், அது பெரிய பலம். விண்டோஸ் 10 காலத்திலிருந்து விண்டோஸின் மீட்புத் திரையிலும் நேரேட்டர் வருகிறது, ஒலி டிரைவர் ஒத்துழைத்தால்.

இரண்டாவது இடம், ஒலி. மின்சாரத்தை மிச்சப்படுத்த சில லேப்டாப்கள் சத்தம் இல்லாத நேரத்தில் ஒலிச் சில்லைத் தூங்க வைத்துவிடும். அது விழிப்பதற்குள் முதல் அசை காணாமல் போகும். "டெலீட் இல்லை" என்பதில் முதல் பாதி போனாலும் ஆபத்து, கடைசிப் பாதி போனாலும் ஆபத்து. கடையிலேயே சோதிக்கலாம். கண்ட்ரோல், விண்டோஸ், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் நேரேட்டர் பேசும். அரை நிமிஷம் சும்மா இருங்க. பிறகு அம்புக்குறியை ஒரு தடவை அழுத்துங்க. முதல் எழுத்திலிருந்து முழுசா கேட்குதான்னு பாருங்க. வயர் ஹெட்போன் சொருக ஒரு துளை இருக்கான்னும் பாருங்க. ப்ளூடூத்தில் குரல் ஒரு கணம் தாமதமாக வரும். ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை பொத்தான் அழுத்துகிறவருக்கு அந்தக் கணம் பெரிய பாரம்.

மூன்றாவது, கீபோர்டு. அந்த 18 பொத்தான் கீபேடு இங்கேதான் தேவைப்படுது. அந்தக் கட்டளைகள் எல்லாம் இன்றைக்கு நம்பர்பேடிலும் இன்சர்ட் பொத்தானிலும் கேப்ஸ் லாக்கிலும் இருக்கின்றன. மெல்லிய லேப்டாப்களில் நம்பர்பேடு கிடையாது. ஹோம், எண்ட் எல்லாம் எஃப்என் பொத்தானோடு சேர்ந்துவிடும். 2024இலிருந்து பல புதிய லேப்டாப்களில் மெனு பொத்தானோ வலது கண்ட்ரோலோ இருந்த இடத்தில் கோபைலட் பொத்தான் உட்கார்ந்திருக்கு. பார்க்கிறவர்கள் தொடாத அந்த மெனு பொத்தான், எங்களுக்கு ரைட் கிளிக். ஷிஃப்ட், எஃப்10 சேர்த்து அழுத்திச் சமாளிக்கலாம், ஆனால் கையைப் புதிதாகப் பழக்க வேண்டும். அதனால கீபோர்டைத் தொட்டுப் பார்க்காமல் ஆன்லைனில் வாங்காதீங்க.

நான்காவது, இரண்டாவது குரல். விண்டோஸில் நேரேட்டர், என்விடிஏ, ஜாஸ் என மூன்று இருக்கின்றன. ஒன்று மௌனமானால் இன்னொன்றை வைத்து அதை எழுப்பலாம். மேக்கில் வாய்ஸ்ஓவர் ஒன்றுதான். அது திணறினால் மாற்று கிடையாது. என்விடிஏவை ஒரு பென்டிரைவில் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்க. எதையும் நிறுவாமலேயே அதிலிருந்து ஓடும். நீங்க வாங்கப்போற லேப்டாப்பில் நீங்க தினமும் திறக்கும் இணையதளத்தை அதை வைத்துத் திறந்து பாருங்க.

காசை எங்கே போடணும்? நினைவகம் 16 ஜிபி, ஒரு எஸ்எஸ்டி, ஓரளவு வேகமான பிராசஸர். ப்ரௌசரில் ஒரு பெரிய பக்கத்தைத் திறந்தால் அதன் முழு உரையையும் ஸ்கிரீன் ரீடர் தனியாக அடுக்கி வைக்க வேண்டியிருக்கு, அதுக்கு இது உதவும். கிராபிக்ஸ் கார்டு, 4கே திரை? அந்தக் காசைச் சேமிச்சு நல்ல கீபோர்டு உள்ள மாடலில் போடுங்க. கிராபிக்ஸ் கார்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய காலம் முடிஞ்சுபோச்சு.

ஒரு விஷயம் மட்டும் சொல்லி முடிக்கிறேன். ஜெஸ்ஸி ரைட், டெட் ஹென்டர், மைக்கேல் கரன். இந்தக் கதையில் சத்தம் நின்ற ஒவ்வொரு இடத்திலும் அதைத் திரும்பக் கொண்டுவந்தவர்களில் பார்வையற்றவர்கள் இருந்தார்கள். ஏன்னா, அது நின்னதை முதலில் கேட்டவர்கள் அவர்கள்தான். அதனால உங்க தம்பிக்கோ தங்கச்சிக்கோ லேப்டாப் வாங்கப் போறீங்கன்னா, வாங்கிக்கிட்டு வந்து கையில் கொடுக்காதீங்க. கடைக்குக் கூட்டிட்டுப் போங்க. ஹெட்போனை அவங்க காதில் மாட்டுங்க. கடைக்காரர் உங்களைப் பார்த்துப் பேசினா, "அவங்ககிட்ட கேளுங்க"ன்னு சொல்லுங்க.